வசனம் எழுதிய இளங்கோவன்

'கண்ணாம்பாள் வசனம்' என்று சொன்னால், பேராக் மாநிலத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த முதியோருக்கு விளக்கம் எதுவும் வேண்டியதில்லை. லகாட், பூசிங், பத்து காஜா வட்டாரத்து லயங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பால்மரம் நின்ற இடத்தில் கடைவரிசை நிற்கிறது. ஆயினும் பாண்டியன் அவையில் விரிந்த கூந்தலோடு நின்று நீதி கேட்ட அந்த உருவமும் குரலும் எண்பது வயதைக் கடந்தவர் நினைவில் இன்னும் அழியாதிருக்கின்றன. பேசியவர் கண்ணாம்பாள் என்பது அனைவரும் அறிந்ததே. அந்தப் பேச்சை எழுதியவர் யார் என்று கேட்டால் விடை வருவது அரிது. பராசக்தியின் வசனத்தை எழுதியவர் பெயரைப் பள்ளிப் பிள்ளைகளும் கூறுவர். கண்ணகியின் வசனத்தை எழுதிய இளங்கோவன் பெயரைத் தமிழாசிரியரிடையேகூட ஒரு சிலரே கூறுவர். தமிழ்த் திரையில் வசனத்துக்கென்று ஒரு மதிப்பை முதலில் தேடித்தந்தவர் அவரே. அவருடைய எழுத்தின் தகுதியும் குறையும் என்ன என்பதைத் தமிழ் கற்பிப்போர் ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இளங்கோவனின் இயற்பெயர் தணிகாசலம். 1933-இல் தோன்றிய மணிக்கொடியோடு தொடர்புடைய எழுத்தாளர் கூட்டத்தைச் சேர்ந்தவர். 1934-இல் டி. எஸ். சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு தொடங்கிய தினமணியில் பணியாற்றியவர். நாளிதழ் அலுவலகத்திலிருந்து படப்பிடிப்பு நிலையத்துக்குச் சென்றவர் என்ற வகையில் அவருக்கு அமெரிக்காவில் உடன்பிறப்புகள் பலர் உண்டு. சிக்காகோ நகரப் பத்திரிகையாளர் பென் ஹெக்ட் ஹாலிவுட்டுக்குச் சென்றதும், அவரை அழைத்த ஹெர்மன் மாங்கிவிட்ஸ் தாமே பத்திரிகைக்காரராய் இருந்ததும் 1920-களின் செய்திகள். படம் பேசத் தொடங்கியவுடன், பேச்சை விரைந்தும் கூர்மையாகவும் எழுதத் தெரிந்தவர்களைப் பட முதலாளிகள் தேடினர். அப்படிப்பட்டவர்கள் நாளிதழ்களில் அகப்பட்டனர். தமிழகத்திலும் ஏறத்தாழ இதுவே நடந்தது. மணிக்கொடியை நடத்திய பி. எஸ். ராமையா திரையுலகுக்குச் சென்றார். இறுதியில் புதுமைப்பித்தனும் சென்றார். அவர்களுள் முந்திக்கொண்டவர் இளங்கோவன்.

அவர் வருவதற்குமுன் தமிழ்ப் பேசும்படம் எவ்வாறு பேசிற்று என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். 1931-இல் காளிதாஸ் வெளிவந்தது முதல் படங்களில் பாட்டுக்கே முதலிடம். பேச்சு என்பது ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையில் போட்ட பலகைப் பாலம். புராணக் கதை ஆதலின் வடசொற்கள் மிகுதியாகக் கலந்திருக்கும். இடையிடையே ஒரு குறிப்பிட்ட வீட்டுப் பேச்சின் கொச்சையும் தலைகாட்டும். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக மரபில் வந்த நடிகர்கள் மேடையில் பழகிய பேச்சையே கருவியின்முன் பேசினர். தமக்கென ஒரு நடையும் ஓசையும் கொண்ட உரைநடையைத் திரை அதுவரை கேட்டிருக்கவில்லை.

1937-இல் வந்த அம்பிகாபதி அதனை மாற்றியது. கம்பர் மகன் அம்பிகாபதியாகத் தியாகராஜ பாகவதர். சோழன் மகள் அமராவதியாக எம். ஆர். சந்தானலட்சுமி. இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். ஒஹாயோ மாநிலத்தில் பிறந்து, தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் படத்துறை பயின்று, 1935-இல் இந்தியா வந்தவர். தமிழ் அறியாதவர். அதற்கு முந்திய ஆண்டில்தான் ஹாலிவுட்டில் ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் நாடகம் படமாகியிருந்தது. இணைய முடியாத இருவர் காதலித்து மடியும் கதை என்ற அளவில் அம்பிகாபதி கதைக்கும் அதற்கும் உறவு உண்டு. டங்கன் அந்த நாடகத்தின் காதற் பகுதிகளைச் சுட்டிக்காட்ட, இளங்கோவன் அவற்றைத் தழுவித் தமிழில் காதற் காட்சி எழுதினார் என்பது திரைப்பட வரலாறு எழுதியோர் பலரும் குறிப்பிடும் செய்தி.

ஷேக்ஸ்பியரிடமிருந்து எடுத்தார் என்று குறை கூறிவிட்டு நகர்ந்துவிடலாம். சிலர் அவ்வாறே செய்தனர். ஆனால் செய்த வேலை எளிதன்று. ஆங்கிலக் காதலன் மாடத்தின்கீழ் நின்று தன் நெஞ்சைத் தானே நீண்ட நேரம் எடுத்துரைப்பான். தமிழ் அகப்பாட்டிலும் தலைவன் தன் நெஞ்சோடு பேசுவான். தோழியிடமும் பாங்கனிடமும் பேசுவான். தலைவியை நேரே நோக்கி இத்துணை நேரம் இனிக்க இனிக்கப் பேசுவது அந்த மரபில் அரிது. அந்த இடைவெளியை நிரப்ப ஒரு புது நடை வேண்டியிருந்தது. செய்யுளின் ஓசையும் உரைநடையின் விரைவும் கலந்த ஒன்றை இளங்கோவன் உண்டாக்கினார். எதுகை மோனைகள் வரும், ஆனால் பாட்டாகிவிடாது. எழுத்துத் தமிழாக இருக்கும், ஆனால் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய அளவில் வாக்கியம் முடியும். அவ்வளவு உயர்ந்த சொற்களைப் பாகவதர் பாடாமல் பேசினார் என்பதே அன்றைக்குப் புதுமை.

இன்னொன்றையும் கருத வேண்டும். இயக்குநருக்கு மொழி தெரியாதபோது, அந்த மொழியில் எது நன்று, எது தீது என்று முடிவு செய்பவர் யார்? எழுதியவரே. ஹாலிவுட்டில் எழுத்தாளனுக்கு இத்தகைய உரிமை கிட்டியதில்லை. அங்கே ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்துவார், மூன்றாமவர் வெட்டுவார், பெயர் நான்காமவருக்குப் போகும். 1939-இல் வந்த 'கான் வித் த விண்ட்' படத்தின் எழுத்தைப் பெரிதும் திருத்திக் கொடுத்த பென் ஹெக்டின் பெயர் அப்படத்தில் இல்லை. 1953-இல் வந்த 'ரோமன் ஹாலிடே' கதைக்கு உரிய பரிசு, அதனை உண்மையில் எழுதிய டால்டன் டிரம்போவுக்குச் செல்லாமல், பெயரை இரவல் கொடுத்த நண்பருக்குச் சென்றது. அரசியல் காரணமாக டிரம்போவின் பெயரை அன்று வெளியிட இயலவில்லை. அந்த நாட்டில் எழுத்தாளர்கள் 1933-இல் சங்கம் கண்டதற்குப் பெயர்ப் போராட்டமும் ஒரு காரணம். இளங்கோவனோ போராடாமலே பெயர் பெற்றார். வசனம் எழுதியவரின் பெயரை மக்கள் தேடிப் படித்து, அதற்காகவே படம் பார்க்கப் போனது அவர் காலத்தில்தான் தொடங்கிற்று. அவ்வாறு முன்னிறுத்தப்பட்ட பெயர்தான் பின்னர் முற்றிலும் மறைந்துபோயிற்று.

அம்பிகாபதிக்குப்பின் திருநீலகண்டர், அசோக்குமார், சிவகவி, ஹரிதாஸ் எனப் பாகவதரின் படங்கள் பலவற்றுக்கு அவர் எழுதினார். இவற்றை ஒவ்வொன்றாக ஆராய வேண்டியதில்லை. பாகவதர் படத்தில் பாகவதரின் குரலே அரசன். எத்துணை நல்ல வசனமும் அடுத்த பாட்டுக்காகக் காத்திருக்கும் கூட்டத்தின்முன் சிறிது கூனித்தான் நிற்க வேண்டும். ஆனால் 1941-இன் அசோக்குமாரில் ஒரு நல்ல சேர்க்கை நிகழ்ந்தது. அசோகனின் இளைய மனைவியாக, மகன்முறை உள்ள குணாளன்மேல் முறையற்ற வேட்கை கொள்பவளாக, கண்ணாம்பாள் நடித்தார். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அவருடைய நாவில் இளங்கோவனின் தமிழ் வெட்டி எடுத்தாற்போல ஒலித்தது. முறைகெட்ட அரசிக்கு எழுதிய அதே கை, மறு ஆண்டே கற்புக்கரசிக்கும் எழுதிற்று, பேசியவரும் அவரே.

ஜூபிடர் பிக்சர்ஸ் 1942-இல் வெளியிட்ட கண்ணகியே இளங்கோவனின் முதன்மையான ஆக்கம். இயக்கியவர் ஆர். எஸ். மணி. கோவலனாகப் பி. யு. சின்னப்பா. உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சிட்டது 1892-இல். சரியாக ஐம்பது ஆண்டுகள் கடந்திருந்தன. ஆயினும் பொதுமக்கள் அறிந்திருந்தது காப்பியத்தை அன்று. மேடையில் பல்லாண்டு நடந்த கோவலன் நாடகத்தைத்தான். இளங்கோவன் இரண்டுக்கும் நடுவில் நின்றார். நாடகத்தின் நிகழ்ச்சிகளை முற்றிலும் கைவிட அவரால் முடியாது. கொட்டகைக்கு வருவோர் அவற்றை எதிர்பார்ப்பர். ஆனால் பேச்சின் பெருமிதத்தைக் காப்பியத்தின் பக்கம் இழுத்தார். புனைபெயரும் அடிகளின் பெயரோடு ஒட்டி வந்தது தற்செயல் போலும்.

வழக்குரை காதையை மாணவர்க்கு நடத்தியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். அடிகள் அங்கே மிகச் சிக்கனமாக எழுதுகிறார். வாயிலோன் வந்து, புறத்தே நிற்பவளைத் தெய்வ வடிவங்களோடு ஒப்பிட்டு, அவள் அவர்களுள் எவளும் அல்லள் என்கிறான். மன்னன் யார் என்று வினவுகிறான். ஆராயாத மன்னன் என்ற பழிப்போடு அவள் தொடங்குகிறாள். புறாவுக்காகத் தசை ஈந்தவனையும் கன்றுக்காக மகனை முறைசெய்தவனையும் சொல்லி, அவர்கள் ஊரே தன் ஊர் என்கிறாள். தன் பெயரைச் சொல்கிறாள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று என்கிறான் அவன். சிலம்பினுள் இருப்பது முத்தா மாணிக்கமா என்ற ஒரே வினாவில் வழக்கு முடிகிறது. பரல் தெறிக்கிறது, மன்னன் தானே கள்வன் என்று கூறி வீழ்கிறான். அரசனுக்கும் அவளுக்கும் இடையே நடக்கும் பேச்சை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

படத்துக் கண்ணகி இதைவிட மிகுதியாகப் பேசுகிறாள். ஒரு கருத்தை ஒருமுறை சொல்லி அமையாமல், வினாவாகவும் வியப்பாகவும் சாபமாகவும் திருப்பித் திருப்பிச் சொல்கிறாள். இஃது இழப்பா, ஆக்கமா? காப்பியம் கற்றவர் இழப்பென்றே கூறுவர். அதில் நியாயம் உண்டு. அடிகளின் கண்ணகி குறைவாகப் பேசுவதனால் அவளுடைய சினம் நமக்குப் பெரிதாகிறது. சொல் நீள நீள, சினம் சொல்லின் வழியே கசிந்துவிடுகிறது. காப்பியத்தில் அவள் தோற்றத்தைக் காட்ட வாயிலோன் வேண்டும். படத்தில் அவள் முகமே திரை முழுதும் நிற்கிறது. கண் பார்த்துவிட்டதை வாய் மறுபடி சொல்வது மிகை. திரை என்பது காட்சிக் கலை என்று கொண்டால், இளங்கோவன் அந்தக் கலையின் இலக்கணத்தை மீறியவர் என்றே தீர்ப்புக் கூற வேண்டும்.

ஆனால் அந்தப் படம் எங்கே, யாரால் பார்க்கப்பட்டது என்பதையும் சேர்த்து எண்ணாமல் தீர்ப்புக் கூறுவது முறையன்று. கண்ணகி வெளிவந்த 1942-இல் மலாயா ஜப்பானியர் பிடியில் இருந்தது. தமிழகத்துக் கப்பல் வரவு நின்றுவிட்டது. ஆகவே கண்ணகி, சிவகவி, ஹரிதாஸ் ஆகியவற்றை இங்குள்ளோர் போர் முடிந்த 1945-க்குப் பின்னரே காண நேர்ந்தது. பட்டணத்துக் கொட்டகைக்குப் போகக் கூலியும் பொழுதும் வாய்க்காதவர்கள், தோட்டத்துத் திடலில் மூங்கில் நட்டுக் கட்டிய வெள்ளைத் துணியில் பார்த்தனர். இடம் கிடைக்காதோர் துணியின் பின்புறம் அமர்ந்து, இடம் வலமாக மாறிய உருவங்களைக் கண்டனர். பலகாலம் ஓடித் தேய்ந்த சுருள்; மழைக்கோடு விழுந்த படம்; நடுவில் ஒரு ஒலிபெருக்கி. கடைசி வரிசையில் அமர்ந்த பால்வெட்டுத் தொழிலாளிக்கு முகம் சரியாகத் தெரியாது. குரல் தெரியும். சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட கணவன் திரும்பி வராத பெண்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தனர். கணவனைக் கொன்றவன் எவன் என்று அரசனையே எதிர்த்துக் கேட்கும் ஒரு பெண்ணின் குரல் அவர்கள் செவியில் எவ்வாறு விழுந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அங்கே அந்தப் பேச்சு நீண்டுவிட்டது என்று எவரும் முணுமுணுத்திருக்கமாட்டார்.

எழுத்தறியாத அவர்கள் இலக்கியத் தமிழைக் கேட்ட வாய்ப்புகள் சிலவே: கோயிலில் படித்த தேவாரம், இரவில் நடந்த கூத்து, பிறகு இந்தப் படங்கள். தோட்டப்பள்ளி ஆசிரியர் வகுப்பில் ஒருவிதத் தமிழைச் சொல்லிக் கொடுத்தால், பிள்ளை வீட்டுக்குப் போய்க் கேட்பது வேறு தமிழ். படத்து வசனம் அந்த இரண்டுக்கும் இடையே ஓடிற்று. சினிமாவைப் பார்த்துப் பிள்ளைகள் கெடுகின்றன என்று சலித்துக்கொண்ட ஆசிரியர்களே, ஆண்டு விழாவில் அந்த வசனத்தை ஒப்பித்த பிள்ளைக்குப் பரிசும் கொடுத்தனர். (ழகரம் திருந்த வேண்டுமானால் கண்ணாம்பாளைக் கேள் என்று சொன்ன ஆசிரியர்களும் உண்டு. தெலுங்கரிடம் தமிழ் உச்சரிப்புக் கற்பதா என்று அதற்கு மறுப்பும் எழுந்திருக்கும்!)

குறைகளை மறைத்தல் ஆய்வாகாது. இளங்கோவனிடம் மூன்று குறைகள் தெரிகின்றன. அவருடைய மாந்தர் அனைவரும் ஒரே குரலில் பேசுவர். அரசி பேசும் அதே ஓசையில் தோழியும் பேசுவாள், காவலனும் பேசுவான். ஒருவர் பேச்சை இன்னொருவர் வாயில் வைத்தால் வேறுபாடு தெரியாது. நல்ல நாடகத்துக்கு இஃது அழகன்று. அவர் காலத்துப் படங்களில் என். எஸ். கிருஷ்ணனும் மதுரமும் வரும் நகைச்சுவைப் பகுதி தனியே அமைக்கப்படும். அங்கே நடமாடும் தெருத்தமிழ் உயிரோடு இருக்கும். ஒரே படத்துக்குள் இரண்டு தமிழ், ஒன்றையொன்று பார்க்காமல், இரு வாயில்களில் புகுந்து வெளியேறும். இரண்டையும் ஒரு பாத்திரத்தின் நாவில் சேர்த்துப் பார்க்க இளங்கோவன் முயன்றதாகத் தெரியவில்லை.

இரண்டாவது, சொல்லின் ஓசையில் மயங்கிப் பொருளை விட்டுவிடுதல். 1944-இல் வந்த மகாமாயா இதற்குச் சான்று. அதே ஜூபிடர், அதே சின்னப்பாவும் கண்ணாம்பாளும், அதே எழுத்தாளர். கண்ணகிக்குக் கிடைத்த வெற்றி அதற்குக் கிடைக்கவில்லை. கண்ணகியில் சொல்லுக்குப் பின்னே ஈராயிரம் ஆண்டுக் கதை ஒன்று தாங்கி நின்றது. மகாமாயாவில் அத்தகைய தாங்கல் இல்லை. சொல் தன் காலிலேயே நிற்க வேண்டியதாயிற்று. கதை வலுவற்றபோது அலங்காரம் காதில் மட்டும் தங்கும் என்பதை அப்படம் காட்டிவிட்டது.

மூன்றாவது, தம் காலத்து வாழ்வை அவர் அந்த நடையால் தொட்டுப் பார்க்கவில்லை. மன்னர், முனிவர், புலவர், அடியார் ஆகியோரே அவருடைய மாந்தர். பின்வந்தவர்கள் அவர் வடித்த அதே கருவியை எடுத்துச் சமுதாயத்தின்மேல் பாய்ச்சினர். 1949-இல் அதே ஜூபிடர் நிறுவனம் அண்ணாதுரையின் வேலைக்காரியைப் படமாக்கிற்று. 1952-இல் பராசக்தி. இவ்விரண்டிலும் உள்ள நீதிமன்றக் காட்சிகளைக் கண்ணகியின் அவைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வழி தெரியும். நீதி வழங்குவோன்முன் நின்று குற்றவாளிக் கூண்டைத் திருப்பிப் போடும் முறை, அடுக்கி வரும் வினாக்கள், ஏறிச் சென்று ஒரே சொல்லில் இறங்கும் வாக்கியம் ஆகியவை புதியன அல்ல. மாறியது எதிரி மட்டுமே: அங்கே ஆராயாத மன்னன், இங்கே ஆராயாத சமுதாயம். இடையில் 1950-இல் மந்திரிகுமாரி வந்தது. வசனம் மு. கருணாநிதி, இயக்கியவருள் முதல்வர் அதே டங்கன். தமிழ் அறியாத ஓர் அமெரிக்கர் தமிழ் வசனத்தின் இரண்டு தலைமுறைகளுக்கும் தொடக்கத்தில் நின்றார் என்பது வியப்பான செய்திதான். அவ்வாண்டோடு அவர் இந்தியாவைவிட்டுச் சென்றார்.

இளங்கோவனின் புகழ் தேய்ந்ததற்குத் திறமைக் குறைவைக் காரணமாகக் கூறுவது முழு உண்மை ஆகாது. ஹரிதாஸ் 1944 தீபாவளிக்கு வெளிவந்து சென்னையில் ஒரே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஆனால் அவ்வாண்டு இறுதியிலேயே பாகவதர் கொலை வழக்கில் சிறை சென்றார், 1947-இல்தான் விடுதலை. அவரைச் சுற்றி அமைந்திருந்த படத்தொழிலின் ஒரு பகுதி அந்த இடைவெளியில் சிதறிற்று. வெளிவந்தவர் சொந்தமாக எடுத்த ராஜமுக்திக்கு வசனம் எழுதியவர் புதுமைப்பித்தன். அந்த வேலைக்காகப் புனா சென்ற அவர் காசநோயோடு திரும்பி, 1948-இல் 42-ஆம் வயதில் மறைந்தார். சிறுகதையில் ஈடற்ற அவருக்குத் திரை எதையும் தரவில்லை, எடுத்துக்கொண்டது. அவரோடு ஒப்பிட்டால் இளங்கோவன் வாழ்ந்தார், பெயரெடுத்தார். ஆயினும் புதுமைப்பித்தனின் கதைகள் நூலாக நிலைத்துவிட்டன. இளங்கோவனின் எழுத்தோ படச்சுருளில் ஏறியது, நூலகத்தில் ஏறவில்லை.

இதில் தமிழாசிரியர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. கொட்டகை வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகங்களில் பாடல்களும் கதைச் சுருக்கமும் இருந்தன, வசனம் இராது. பராசக்தியின் சொற்களைத் தேடுபவருக்கு வழிகள் உண்டு; கண்ணகியின் சொற்களைத் தேடுபவர் படத்தைக் கேட்டுத்தான் எழுதிக்கொள்ள வேண்டும். நல்லகாலமாகக் கண்ணகியும் ஹரிதாசும் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. வழக்குரை காதை நடக்கும் வகுப்பில் அவைக்காட்சியை மட்டும் ஓடவிட்டு, மாணவரைச் செவியால் கேட்டு எழுதச் சொல்லலாம். இரண்டு பாடவேளை போதும். பிறகு ஒரு பக்கம் அடிகளின் வரிகளையும் மறுபக்கம் இளங்கோவனின் வாக்கியங்களையும் வைத்து, எந்தச் சொல் கூடிற்று, எது விடுபட்டது, ஏன் என்று கேட்டால், காப்பியத்தின் சிக்கனமும் திரையின் தேவையும் மாணவருக்குத் தாமே விளங்கும். ஒலி தேய்ந்த இடங்களில் சொல் சரியாகக் கேட்காது. அங்கே வீட்டிலுள்ள பாட்டியைக் கேட்டால், ஒருவேளை அவர் நினைவிலிருந்தே சொல்லக்கூடும்.